ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போகுமுன்

வீட்டில் சின்னத் தொட்டி வைத்து மீன் வளர்த்து, அத்தனையையும் நோய்க்குப் பறிகொடுத்துவிட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூரின் மீன் கடைகளுக்குப் போய்ப் புது மீன் வாங்கி வரலாம் என்றிருக்கும் எல்லாக் குடும்பத்தாருக்கும்,

இந்த ஞாயிறு போகாதீர்கள். அதற்கடுத்த ஞாயிறும் வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் கூடத்து மூலையில் விளக்கணைந்து கிடக்கும் அந்தத் தொட்டியைத் தெரியும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் போவதும் தெரியும். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான், நாலு மீனை வாங்கிவந்து விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நமக்குத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது.

எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றரை அடித் தொட்டி. 18 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 10 அங்குல உயரம். விளிம்பு வரை ஊற்றினால் 29 லிட்டர் சொச்சம் பிடிக்கும். போன வருஷம் ஆடி மாதத்தில் ஏழு கப்பியும் இரண்டு மாலியும் அதில் இருந்தன. ஒன்பதுக்கும் என் பேத்தி பெயர் வைத்திருந்தாள். ஒருநாள் மாலியின் வாலில் ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மறுநாள் எல்லாவற்றின் மேலும் தெரிந்தன. ஐந்தே நாளில் ஒன்பதும் போயின. நான் என்ன செய்தேன் தெரியுமா? பாத்திரம் துலக்கும் பொடியைப் போட்டுத் தொட்டியைப் பளபளவென்று தேய்த்தேன். ஃபில்டரின் பஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிழிந்து பிழிந்து அலசினேன். கூழாங்கல்லை வெந்நீரில் கழுவினேன். இரவெல்லாம் காயவைத்து, மறு ஞாயிறே எட்டுப் புது மீன்களைக் கொண்டுவந்து விட்டேன். பன்னிரண்டாம் நாளுக்குள் அந்த எட்டும் போய்விட்டன.

இரண்டாவது முறை செத்தவற்றின் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. செவுள் சிவந்திருந்தது. கடைசி நாளில் எல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பழைய நோய்தான் திரும்பி வந்துவிட்டது என்று நான் நம்பினேன். கடையில் கேட்டதற்கு ஒரு நீல மருந்தும் ஒரு மஞ்சள் மருந்தும் தந்தார்கள். இரண்டையும் ஊற்றினேன்.

22 ஆண்டுகள் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். கிருமி எங்கே ஒளிந்துகொள்ளும், எதற்குச் சாகும், எதற்குச் சாகாது என்பதுதான் என் தினசரி வேலையாக இருந்தது. அந்த அறிவை என் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவராமல் பதினேழு உயிர்களை இழந்தேன். உங்களுக்கு அது நேர வேண்டாம்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் மீன்கள் எப்படிச் செத்தன? எத்தனை நாளில், எந்த வரிசையில், உடம்பில் என்ன அடையாளத்தோடு? தொட்டியில் கை வைப்பதற்கு முன் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளைகளைக் கேளுங்கள், நாம் கவனிக்காததை அவர்கள் கவனித்திருப்பார்கள். தொட்டியை எப்படிச் சுத்தம் செய்வது என்பது அந்தத் தாளில் இருப்பதைப் பொறுத்தது. எல்லா நோய்க்கும் ஒரே கழுவல் கிடையாது.

வெள்ளைப் புள்ளியில் தொடங்குகிறேன். நம் வீடுகளுக்கு அதிகம் வருவது அதுதான். அது பூஞ்சையில்லை, பாக்டீரியாவும் இல்லை. உடம்பெல்லாம் நுண்மயிர் கொண்ட ஒற்றைச் செல் உயிரி. 1876-இல் ஃபூக்கே என்கிற பிரெஞ்சுக்காரர் அதற்கு இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலீஸ் என்று பெயர் வைத்தார். முதற்சொல்லுக்கு மீன் பேன் என்று பொருள். இரண்டாவது சொல்லுக்கு நிறையப் பிள்ளைகளைப் பெற்றது என்று பொருள். அந்த இரண்டாவது சொல்லில்தான் நோயின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. மீனின் தோலுக்கடியில் புகுந்து தின்று கொழுக்கும்போது நம் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிறது. கொழுத்ததும் மீனை விட்டுக் கீழே விழுகிறது. கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நூற்றுக்கணக்கில் பெருகுகிறது. சமயத்தில் ஆயிரம்கூட ஆகும். கூடு உடைந்ததும் அத்தனையும் மீனைத் தேடி நீந்துகின்றன. புள்ளி உதிர்ந்துவிட்டது, மீன் பிழைத்துக்கொண்டது என்று நாம் சந்தோஷப்படுகிற அந்த இரண்டொரு நாளில்தான் அடித்தளத்தில் இந்தப் பெருக்கம் நடக்கிறது.

ஆனால் நீந்தி வரும் அந்தக் குஞ்சுகளுக்கு இரண்டு மூன்று நாளைக்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் செத்துப்போகும். மீனைத் தவிர வேறு எதையும் தின்று அவற்றால் வாழ முடியாது. சென்னையில் வீட்டுத் தொட்டித் தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதி 28 டிகிரியை ஒட்டியே இருக்கும்; அந்த வெப்பத்தில் இந்த உயிரியின் வாழ்க்கைச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே தொட்டியில் ஒரு மீன்கூட இல்லாமல் முழுதாக இரண்டு வாரம் விட்டுவிட்டாலே வெள்ளைப் புள்ளி அற்றுப்போகும். பிளீச்சிங்கும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். கல்லையும் பஞ்சையும் தூக்கியெறிய வேண்டியதில்லை. மோட்டாரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை மட்டும் போட்டு வாருங்கள். தீனி எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். பிழைத்த மீன் ஒன்றிரண்டு உள்ளே இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. புள்ளி தெரியாவிட்டாலும் செவுளுக்குள் அது ஒளிந்திருக்கும்.

என் ஒன்பது மீன்கள் இந்த நோயில்தான் செத்தன. இரண்டு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் போதும். நான் அந்தப் பதினான்கு நாள் பொறுக்கவில்லை.

அடுத்தது, வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டினாற்போல் வெளுத்து, முதுகில் சேணம் போட்டதுபோல் ஒரு வெளிறிய பட்டை விழுந்து, ஓரிரு நாளில் கூட்டத்தோடு போவது. பஞ்சைப் பார்த்துப் பூஞ்சை என்று நினைத்துப் பூஞ்சை மருந்து ஊற்றுபவர்கள் பலர். இது ஃபிளாவோபாக்டீரியம் என்கிற பாக்டீரியாவின் வேலை. கோடைச் சூட்டில் இன்னும் வேகம் பிடிக்கும். வெள்ளைப் புள்ளியைப் போல இதைப் பட்டினி போட்டுச் சாகடிக்க முடியாது. மீனே இல்லாத தண்ணீரிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இங்கே பிளீச்சிங் தேவை. கப்பியின் கழிவுத்துளையிலிருந்து சிவப்பு நூல்போல் புழு நீட்டிக்கொண்டிருந்தாலும் அப்படியே. என்ன நோய் என்றே தெரியாமல் வரிசையாகச் செத்திருந்தாலும் அப்படியே.

வயிறு உப்பிச் செதிலெல்லாம் பலாமுள்போல் விறைத்துச் செத்தது என்றால் விஷயம் கொஞ்சம் வேறு. அதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஏரோமோனாஸ் வகைக் கிருமி. குளம், கிணறு, ஆறு என்று எந்த நன்னீரிலும் அது இருக்கிறது. தொட்டியை நீங்கள் எவ்வளவு கழுவினாலும் அடுத்த மீனின் குடலிலேயே அது வந்து சேரும். தண்ணீர் கெட்டு, நெரிசலாகி, மீன் தளர்ந்துபோகும் நேரத்துக்காக அது காத்திருக்கிறது. இந்த வீட்டார் கிருமிநாசினியைத் தேடுவதற்கு முன், பத்து லிட்டரில் எத்தனை மீன் வைத்திருந்தோம், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினோம் என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

சரி, பிளீச்சிங் தேவை என்று ஆகிவிட்டது. இங்கே என் ஆய்வுக்கூடத்துப் பாடம் ஒன்று: அழுக்கின் மேல் கிருமிநாசினி வேலை செய்யாது. குளோரின் எதைக் கண்டாலும் அதோடு சேர்ந்து தீர்ந்துபோகும் குணம் கொண்டது. பாசி, எச்சம், அழுகிய தீனி எது முதலில் அகப்படுகிறதோ அதனிடம் தன் பலத்தையெல்லாம் செலவழித்துவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள், வழவழவென்று ஒரு பூச்சு கைக்குத் தட்டும். கிருமிகள் தாங்களே கட்டிக்கொண்ட கோட்டை அது. வெறும் தண்ணீரும் புது ஸ்பாஞ்சும் வைத்து அந்த வழவழப்பு முழுவதும் போகிற வரை தேய்க்க வேண்டும். மூலைகளிலும் சிலிக்கான் ஒட்டின் ஓரங்களிலும் பழைய பல் துலக்கியால் தேய்க்க வேண்டும். சோப்பும் பாத்திரப் பொடியும் கிட்டேயே வரக்கூடாது. ஒட்டுக்குள் தங்கி, பின்னால் மீனின் செவுளைப் பிடிக்கும்.

தண்ணீரை வடிக்கும்போது குழாயை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். குழாயைத் தண்ணீருக்குள் முக்கி நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்தால் தானாக வடியும். அந்தத் தண்ணீர் கழிவறைக்குப் போகட்டும். ஏரிக்கும் கிணற்றுக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் போக வேண்டாம். பிழைத்த மீனைப் பாவம் பார்த்து ஏரியில் விடுவதும் கூடாது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நமக்கு விற்கிற தென்னமெரிக்கச் சக்கர் மீன் இப்படி விடப்பட்டுத்தான் நம் ஏரிகளில் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது? நுண்துளை உள்ள எதையும் நான் எறிந்துவிடுவேன். ஃபில்டர் பஞ்சு, கரித்துண்டு, காற்றுக்கல், பவளத்துண்டு, சாயம் பூசிய பொம்மை எல்லாம் போகட்டும். காற்றுக் குழாயும் விலை குறைந்ததுதான், மாற்றிவிடுங்கள். செடிகளையும் எறியச் சொல்வேன். பிளீச்சிங்கில் சில நிமிடம் முக்கிக் காப்பாற்றலாம் என்பவர்கள் உண்டு, ஆனால் கிருமி சாகிற அளவுக்கு முக்கினால் மென்மையான செடியும் சாகிறது. மரக்கட்டை குளோரினைக் குடித்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கசியவிடும். அதைப் பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்துப் பிறகு வெயிலில் போடலாம். வழவழப்பான கூழாங்கல்லைத் தொட்டியோடு சேர்த்தே பிளீச்சிங்கில் ஊறவைக்கலாம். மோட்டாரைக் கழற்றிக் கழுவி, பிளீச்சிங் தண்ணீரிலேயே ஓடவிடுங்கள். உள்ளறைகளுக்கும் போய்ச் சேரும். வலையை மறந்துவிடாதீர்கள். வீட்டில் இரண்டாவது தொட்டி இருப்பவர்கள் முக்கியமாக மறந்துவிடாதீர்கள். அந்த ஒரு வலைதான் இரண்டு தொட்டிக்கும் பாலம்.

இப்போது அளவு. மீன் பண்ணைகளில் உபகரணங்களுக்குப் பயன்படுத்தும் கணக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின், ஒரு மணி நேரம். நம் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. அதைப் போல் ஆயிரம் மடங்கு இது. 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் கிடைத்தால் லிட்டருக்கு 4 மில்லி. எங்கள் தொட்டிக்கு 120 மில்லிக்குச் சற்றுக் குறைவு. மளிகைக் கடையில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடர் என்றால், புதிதாக இருக்கும்போது அதில் ஏறக்குறைய 30 சதவீதம் குளோரின் இருக்கும். 29 லிட்டருக்கு 20 கிராம். திறந்து வைத்த பழைய பொட்டலம் வீரியமிழந்திருக்கும், புதிது வாங்குங்கள். பவுடரை நேராகக் கொட்டாமல் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். கழிவறைக்கென்று நுரையும் வாசனையும் சேர்த்து விற்கும் திரவங்கள் இதற்கு ஆகாது.

மொட்டை மாடியில் செய்யுங்கள். கையுறை போடுங்கள். பிள்ளைகள் கீழே இருக்கட்டும். கழிவறை ஆசிட்டோ வினிகரோ எதுவும் இதோடு சேரக்கூடாது. சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு, நெஞ்சை அடைத்துவிடும். கீழ்த்தளக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்யப் பார்ப்பவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு ஆபத்து ஒரு சொல்லில் இருக்கிறது. மருத்துவமனையில் நாங்கள் ‘ஹைப்போ’ என்றால் சோடியம் ஹைப்போகுளோரைட், கிருமியைக் கொல்வது. பழைய ஃபோட்டோ ஸ்டுடியோக்காரர்களிடம் ‘ஹைப்போ’ என்றால் சோடியம் தயோசல்ஃபேட். அதுதான் மீன் கடையில் ஆண்டி குளோரின் என்ற பெயரில் கிடைப்பது, குளோரினை முறிப்பது. ஒன்று விஷம், மற்றது அதே விஷத்துக்கு முறிவு. இரண்டுக்கும் ஒரே செல்லப்பெயர். ஹைப்போ ஊற்றுங்கள் என்று யாராவது சொன்னால் எந்த ஹைப்போ என்று கேட்டு, புட்டியின் மேல் எழுதியிருப்பதை முழுதாகப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

ஒரு மணி நேரம் ஆனதும் வடித்து, மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். நான்காவது முறை நிரப்பும்போது ஆண்டி குளோரினைப் புட்டியில் போட்டிருப்பதைவிடத் தாராளமாக விட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதையும் கொட்டிவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் வெயில். பல கிருமிகளுக்கு முழுக்கக் காய்வதே பெரிய தண்டனை. தொட்டியின் வாய் வானத்தைப் பார்க்க இருக்கட்டும்; சாதாரணக் கண்ணாடி சூரியனின் கொல்லும் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடும், திறந்த வாய் வழியாகத்தான் அவை உள்ளே போகும். அடியில் தெர்மாகோல் போடுங்கள். சூடேறிய கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றி விரிசல் விட்டுவிடாதீர்கள்.

ஒரே ஒரு நோய்க்கு மட்டும் இத்தனையையும் நான் போதாது என்பேன். மீன் சாப்பிட்டும் சாப்பிட்டும் மெலிந்து, முதுகு வளைந்து, ஆறாத புண்ணோடு, ஒன்று இந்த மாதம், ஒன்று அடுத்த மாதம் என்று நிதானமாகச் செத்ததா? மீன் காசநோயாக இருக்கலாம். 1926-இல் பிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் செத்த மீன்களிலிருந்து அரான்சன் என்பவர் பிரித்தெடுத்த மைக்கோபாக்டீரியம் மரைனம் இந்த நோயின் கிருமிகளில் ஒன்று. நம் காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு. ஆண்டுக்கணக்கில் நோயாளிகளின் சளியைச் சீல்-நீல்சன் சாயத்தில் தோய்த்து, நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகளாக அந்தக் குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அமிலம் ஊற்றிக் கழுவினாலும் சிவப்பு போகாது. மெழுகுபோன்ற மேலுறைதான் அதற்குக் காரணம். குளோரினையும் அதே உறை தாங்கிக்கொள்கிறது. மேலே சொன்ன அளவை நம்ப முடியாது. சுத்தம் செய்து உலர்ந்த கண்ணாடியில் 70 சதவீத ஆல்கஹாலைச் சில நிமிடம் ஈரம் மாறாமல் பூசி வைத்தால் சாகும். அருகில் அடுப்போ விளக்கோ இருக்கக்கூடாது. ஆனால் ஒன்றரை அடித் தொட்டிதானே, என்னைக் கேட்டால் தொட்டியையே மாற்றிவிடுங்கள்.

காரணம், இந்தக் கிருமி நம் கைக்கும் வரும். விரலில் சின்னச் சிராய்ப்போடு தொட்டிக்குள் கை விட்டவருக்கு, இரண்டு மூன்று வாரம் கழித்துச் சிவந்த கட்டியாக எழும்பும். உடம்பின் உள்சூடு அதற்கு ஒத்துவராது, 30 டிகிரிதான் அதற்கு உகந்தது. அதனால் குளிர்ந்த விரலிலும் புறங்கையிலும் தங்கிக்கொள்கிறது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டிவரும். தோல் மருத்துவரிடம் போனால், வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவருக்கு அதைக் கேட்கத் தோன்றாமல் போகலாம். தொட்டிக்குள் கை விடுவது பெரியவர்களின் வேலையாகவும் காயமில்லாத கையின் வேலையாகவும் இருக்கட்டும்.

என் எட்டு மீன்களின் கதைக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் நீங்கள் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். அந்த எட்டும் நோயில் சாகவில்லை. என் சுத்தத்தில் செத்தன.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அழுகும் தீனியும் அம்மோனியாவாகிறது. நாள்பட்ட தொட்டியில் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கி விஷத்தைத் தணிக்கின்றன. இரண்டாவது கூட்டத்தை நைட்ரோபாக்டர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1998-இல் மீன் தொட்டிகளையே ஆராய்ந்து பார்த்தபோது அங்கே வேலை செய்துகொண்டிருந்தது நைட்ரோஸ்பைரா என்று தெரியவந்தது. பெயர் எதுவானாலும், பாத்திரப் பொடிக்கும் குளோரினுக்கும் இரவெல்லாம் காய்வதற்கும் அவை செத்துப்போகும். கிருமியைக் கொல்கிற எதற்கும் நல்லது கெட்டது தெரியாது. கண்ணாடியாகப் பளபளத்த என் தொட்டியில் அம்மோனியாவைத் தின்ன ஒரு ஜீவனும் இல்லை. அதில் ஒரே நாளில் எட்டு மீனை விட்டேன். போதாததற்கு எங்கள் போர்த் தண்ணீர் காரமானது. கார அளவு பிஹெச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் விஷப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. பிறகு ஊற்றிய நீல மருந்து, அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்த நல்ல பாக்டீரியாவையும் கெடுத்திருக்கும்.

பளபளக்கும் தொட்டியில் இரண்டாவது வாரம் செத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு, நோய் திரும்பிவிட்டது, தொட்டி ராசியில்லை, பிள்ளையின் கை ராசியில்லை என்றெல்லாம் பேசுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து பிள்ளையிடம் அப்படிச் சொல்லாதீர்கள்.

ஆகவே பிளீச்சிங் போட்டுக் கழுவிய தொட்டி வெறும் கண்ணாடிப் பெட்டிதான். அதைத் தொட்டியாக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புது ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு, குளோரின் முறித்த தண்ணீர் நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, மீனில்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். தீனி அழுகி அம்மோனியா வரும்; அதைத் தின்னும் பாக்டீரியா மெல்ல வந்து சேரும். அவற்றுக்கும் சாப்பாடு வேண்டும், முன்னே சொன்ன சிட்டிகைத் தீனி அதற்காகத்தான். மீன் கடைகளில் சொட்டு மருந்தாக அம்மோனியா, நைட்ரைட் பரிசோதனைப் பெட்டி கிடைக்கும். அதை வாங்கிவிடுங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறும், நெடுநாள் அசையாமல் நிற்கும், அதுவும் ஒருநாள் இறங்கும். தீனி போட்ட மறுநாள் சோதித்தாலும் இரண்டும் பூஜ்யம் என்று வந்தால் தொட்டி தயார். நண்பர் வீட்டுத் தொட்டியிலிருந்து பழகிய பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் இந்தக் காலம் பாதியாகும். ஆனால் சமீப மாதங்களில் ஒரு மீன்கூடச் சாகாத வீடாகப் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் இந்தக் காத்திருப்பைப் பேத்தியிடம் ஒப்படைத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, நான் சொட்டு விட, அவள் நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்த்து நோட்டில் தீட்டினாள். மஞ்சள், இளம்பச்சை, கரும்பச்சை, மறுபடி மஞ்சள். முப்பத்தெட்டாம் நாள் “பாட்டி, ரெண்டும் ஒண்ணுமில்ல!” என்று கத்தினாள். அதற்கடுத்த ஞாயிறு கொளத்தூருக்குப் போனோம். எட்டு வாங்கவில்லை, மூன்று கப்பி வாங்கினோம்.

கடையில் எதைப் பார்ப்பது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்கிற மீனைப் பார்ப்பதைவிட, அதே தொட்டியில் இருக்கும் மற்ற மீன்களைப் பாருங்கள். ஒன்று செத்துக் கிடந்தாலும், ஒன்று துடுப்பைச் சுருக்கி மூலையில் நின்றாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதுவும் வேண்டாம். வந்து இறங்கி ஒரு வாரமாவது ஆனதா என்று கேளுங்கள். வீட்டில் பையை மிதக்கவிட்டுச் சூடு சமமானதும் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பல கடைகளின் தண்ணீர் கலந்து வரும் அந்த ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே ஊற்றினால், நீங்கள் ஒன்றரை மாதம் பட்ட பாடு அத்தனையும் வீண். முதல் மீன்களுக்கு உங்கள் தொட்டியே தனிமை வார்டு. ஒரு மாதம் அதில் வேறெதையும் சேர்க்காதீர்கள். அதன்பின் வாங்கும் ஒவ்வொரு மீனும் முதலில் ஒரு பிளாஸ்டிக் டப்பில், தனி ஃபில்டரோடும் தனி வலையோடும் 30 நாள் இருந்துவிட்டு வரட்டும்.

மீன் விற்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஐம்பது தொட்டிக்கும் ஒரே வலையைப் பயன்படுத்தாதீர்கள். வரிசைக்கு ஒரு வலை, பக்கத்தில் ஒரு வாளி கிருமிநாசினி, ஒரு வாளி நல்ல தண்ணீர். பெரிய செலவில்லை. தொட்டி காலியாகி ஒரு வாரத்தில் வந்து நிற்கும் குடும்பத்திடம், மருந்துப் புட்டியை எடுப்பதற்கு முன், எப்படிச் செத்தது என்று கேளுங்கள். இன்னும் மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்ல உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். சொன்ன கடைக்குத்தான் நான் இப்போது போகிறேன்.

கடைசியாக, இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்நேரம் யார் வீட்டிலாவது மீன்கள் நோயில் விழுந்திருந்தால்: எல்லாம் சாகிற வரை காத்திருக்காதீர்கள். செத்த மீன் சில மணி நேரத்தில் அழுகிவிடும், அதைப் பார்த்து என்ன நோய் என்று சொல்வது கடினம். நோயுற்று இன்னும் உயிரோடிருக்கும் மீன் ஒன்றைத் தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டி, இன்னொரு பையில் தண்ணீரைத் தனியாக எடுத்து, நீங்கள் எழுதிய அந்தத் தாளோடு, மீன்நோய் தெரிந்தவரிடம் போங்கள். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குக் கொளத்தூரை ஒட்டிய மாதவரத்திலேயே வளாகம் இருக்கிறது. யாரைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுங்கள்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து, உங்களைப் போல் ஒரு சின்னத் தொட்டிக்காரி